உமரின் ராகு காலம்

உமர் அளவுக்கு ராகு காலம் பார்க்கிற ஆளைத் தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. இத்தனைக்கும் அவன் வெள்ளிக்கிழமைத் தொழுகையை ஒரு வாரமும் விடாதவன். பீர்க்கன்கரணையில் இருக்கிற அவன் வீட்டில் பஞ்சாங்கம் கிடையாது. ஆனால் அவன் வண்டிக்குள், சீட்டுக்குப் பின்னால், மளிகைக் கடைக்காரர் இனாமாகக் கொடுத்த தினசரி காலண்டர் ஒன்று கம்பியில் கட்டித் தொங்கும். காலையில் தாளைக் கிழிப்பான். பொடி எழுத்தில் இருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்து மனப்பாடம் செய்வான். ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சூலத்துக்குப் பரிகாரம் எல்லாம் அத்துப்படி.

எதற்கு? பொய் சொல்லத்தான், வேறெதற்கு!

வண்டி என்றால் காரோ ஆட்டோவோ இல்லை. நாலு சக்கரத்தில், நின்ற இடத்திலேயே திரும்புகிற குட்டி லோடர். ஊரில் எல்லோரும் பாப்கேட் என்பார்கள். அதன் முகத்தில் மண் வாரும் வாளிக்குப் பதிலாக உமர் மாட்டியிருப்பது ரேக். கீழே பதினோரு இரும்புப் பல். மேலே ஆயில் அழுத்தத்தில் திறந்து மூடுகிற ஒரு தாடை. கருவேல முள், வேர், உடைந்த செங்கல் எல்லாவற்றையும் மண்ணிலிருந்து வாரி, தாடையால் கவ்விக்கொண்டு போய் ஓரமாகக் கொட்டிவிடும். சைட்டில் அதற்குப் பேர் சீப்பு. மனை விற்கிற இடமெல்லாம், "சீப்பு உமரைக் கூப்புடு, தலை வாரி விட்டுட்டுப் போவான்" என்பார்கள்.

சீப்பு உமருக்கு ஒரே ஒரு வியாதி. வேலையை ஆரம்பிக்கும் முன் அவனுக்குப் பத்து நிமிஷம் வேண்டும். சீப்பைத் தரையில் படிய வைப்பான், இன்ஜினை நிறுத்துவான், சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போடுவான். பதினோரு பல்லையும் குனிந்து பார்ப்பான்; வளைசல் இருக்கிறதா, வேரில் விரிசல் விட்டிருக்கிறதா. சீப்பை வண்டியோடு பூட்டுகிற இரண்டு இரும்புப் பின்னும் அடித்துளையில் தலை நீட்டுகிறதா என்று மண்டியிட்டுப் பார்ப்பான். நட்டு, போல்ட்டு, கிரீஸ். கடைசியாகக் கையுறை மாட்டி, கண்ணாடி போட்டு, ஸ்வீட் பெட்டியின் அட்டை மூடி ஒன்றை எடுத்து, ஆயில் போகிற ரப்பர் ஹோஸ் நெடுக, அதைத் தொடாமல், அட்டையை மெதுவாக நகர்த்திக்கொண்டே போவான். எங்கேயாவது ஊசி முனை ஓட்டை இருந்தால் அட்டையில் ஈரக்கோடு விழும். அவ்வளவுதான் சங்கதி.

ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தைக் கொடுப்பார் யார்? "இன்னாபா, பொண்ணு பாக்க வந்த மாதிரி சுத்திச் சுத்திப் பாத்துகினு கீற? ஏறி எடு வண்டிய!" என்று மேஸ்திரி கத்துவார். மனைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பாதுகாப்பு என்று சொல்லிப் பார்த்தான், சிரித்தார்கள். விரல் போகும் என்றான், "அபசகுனமா பேசாதே" என்றார்கள். ஒருநாள் எரிச்சல் தாங்காமல், "ராகு காலம் போயிகினு கீது சார். முடியட்டும், அப்புறம் சாவி போடறேன்" என்றான். அடடா, அந்த மாயத்தைப் பார்க்க வேண்டுமே! மனைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாகப் போய்க் கைகட்டி நின்றார். மேஸ்திரி எல்லோருக்கும் டீ சொன்னார். உமர் அந்த டீயையும் குடித்துக்கொண்டு நிதானமாகப் பல் எண்ணினான்.

அன்றிலிருந்து அவனுக்கு தினமும் ராகு காலம்தான். திங்கட்கிழமை மட்டும் நிஜமாகவே ஏழரையிலிருந்து ஒன்பது. வாரத்தில் அந்த ஒரு காலை மட்டும் அவன் யோக்கியன். மற்ற நாளில் எமகண்டத்தைக் கொஞ்சம் இழுப்பான், குளிகையைக் கொஞ்சம் முன்னால் தள்ளுவான். பார்க்கிறவர்கள் வாயைத் திறந்தால் சூலத்தைக் காட்டுவான். படப்பையில் சுஃபியான் பாய் இடத்தில் மட்டும் இந்தப் பருப்பு வேகாது. அங்கே "துஆ ஓதிட்டு ஏறேன் பாய்" என்பான். அதில் பாதி உண்மை. ஹோஸைப் பார்க்கும்போது அவன் வாய் எப்போதும் எதையாவது ஓதிக்கொண்டுதான் இருக்கும்.

அவன் மனைவி குல்ஷனுக்கு இது தெரியும். காலண்டர் தாளை வைத்துக்கொண்டு காலையில் அவன் முணுமுணுப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். "பொய் சொல்றதுக்கு இவ்வளோ படிக்கிறீங்களே, இதுல பாதி படிச்சிருந்தா பத்தாவது பாஸ் ஆயிருப்பீங்க" என்பாள். திட்டுவாளே தவிர, இனிப்பு வாங்கினால் பெட்டி மூடியை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துவிடுவாள். ஏனென்றால் அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பின்னால் ஒரு கை இருப்பது அவளுக்குத் தெரியும்.

ஜெர்சனின் வலது கை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே வண்டியை உமரும் ஜெர்சனும் சேர்ந்து ஓட்டினார்கள். கூட்டாளி என்றால் சும்மா இல்லை, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிற கூட்டாளி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு ஜெர்சன் நேரே குல்ஷன் சமையலுக்குத்தான் வருவான். ஒரு நாள் ஹோஸில் ஆயில் கசிவது போல இருந்தது. உமர் சீட்டில் இருந்தான், ஜெர்சன் கீழே. "ஈரமாக் கீதுடா" என்றான் ஜெர்சன். "தொடைச்சிட்டு ஏறுடா, ஒண்ணும் ஆவாது" என்றான் உமர். இன்ஜின் நின்றுதான் இருந்தது. ஆனால் தாடை கவ்வியபடி இருக்கும்போது இன்ஜின் நின்றாலும் ஹோஸுக்குள் அழுத்தம் நிற்காதே, அது உள்ளே உறுமிக்கொண்டுதானே இருக்கும்! ஜெர்சன் வெறும் விரலால் துடைத்தான். கொசு கடித்த மாதிரி இருந்தது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான். ரத்தம்கூட வரவில்லை. விரலுக்குள் போனது ஆயில். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தால் தப்பித்திருக்கலாம்; ஓட வேண்டும் என்று தெரிந்தவன் அங்கே யாருமில்லை. சாயங்காலம் கை நீலமாக வீங்கியது. மறுநாள் இரண்டு விரல் இல்லை.

ஜெர்சன் வண்டியை விட்டான். பெருங்களத்தூரில் ஹோஸ் வெட்டி, முனை பொருத்தி அழுத்திக் கொடுக்கிற கடை போட்டான். உமர் ஹோஸ் வாங்க அங்கேதான் போவான். "அரை இன்ச்சு, ரெண்டு கம்பி, மூணே கால் அடி." "கீது. ஒக்காரு." இவ்வளவுதான் ஆறு வருஷப் பேச்சு. "தொடைச்சிட்டு ஏறுடா" என்ற அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி உமரும் வாயைத் திறக்கவில்லை, ஜெர்சனும் கேட்கவில்லை. ஜெர்சன் உமர் வீட்டுப் பக்கம் வருவதும் நின்றுபோயிற்று. உமரோ, இனி எந்த சைட்டிலும் பார்க்காமல் வண்டியை எடுப்பதில்லை என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டு, அதைக் காப்பாற்ற ஊர்ப்பட்ட பொய் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இப்படி வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதுதான், கார்த்திகை மாசத்துக் கடைசி வியாழக்கிழமை, கூடுவாஞ்சேரி லேஅவுட் ஒன்றில் தோத்தாத்ரி வந்து வாய்த்தார்.

தோத்தாத்ரி மேற்குத் தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருக்கிற ரிட்டயர்டு ஆபீசர். மனையை வாங்கி இருபத்திரண்டு வருஷம். இப்போதுதான் வீடு கட்டக் கை கூடியிருந்தது. பத்தே முக்காலுக்கு முகூர்த்தம். அதைத் தவறவிட்டால் மார்கழி பிறந்துவிடும், தை வரைக்கும் கடப்பாரை போட முடியாது. மனையிலோ மழைக்கு ஆள் உயரம் முள். கூடவே அவர் மனைவியின் தம்பி சத்யநாராயணன் வந்திருந்தார். எல்லாரையும் விரட்டுவதே உதவி என்று நினைக்கிற ரகம்.

உமர் ஏழே முக்காலுக்கே வண்டியை லாரியிலிருந்து இறக்கி, சீப்பைத் தரையில் படிய வைத்து, தாடையை இறுக்கி மூடி, இன்ஜினை நிறுத்தினான். அழுத்தத்தோடு ஹோஸைப் பார்க்க அவன் வழக்கமாகச் செய்வது அது. சாவி சட்டைப் பைக்குள் போயிற்று.

"என்னப்பா நிறுத்திட்டே? ஆரம்பி, ஆரம்பி" என்றார் சத்யநாராயணன்.

உமர் முகத்தைப் பவ்யமாக வைத்துக்கொண்டான். "எமகண்டம் போயிகினு கீது சார். ஒரு பத்து நிமிஷம்."

தோத்தாத்ரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எமகண்டம் ஏழரையோட போயிடுத்தேப்பா. மணி இப்போ ஏழு அம்பது."

உமர் தலையைச் சொறிந்தான். ஒரு மனைக்காரரும் இதுவரை மறுபேச்சுப் பேசினதில்லை. "அதாவது சார்... ராகு காலம்..."

"வியாழக்கிழமை ராகு காலம் ஒண்ணரைக்கு."

"குளிகை!"

"ஒன்பதுக்கு. அதுவும் குளிகையிலே பண்ற நல்ல காரியம் வளரும்பா. வேற என்ன வச்சிருக்கே கையிலே?"

கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்துவிட்டோம் என்று உமருக்கு அப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் கடைசி அஸ்திரத்தை விட்டான். "சூலம் சார்! இன்னிக்குத் தெக்கே சூலம். வண்டி தெக்க பாத்துகினு கீது பாருங்க."

"சரி. பரிகாரம் என்ன போட்டிருக்கு?"

காலையில் படித்தது பச்சைப் பிள்ளை மாதிரி வாயில் வந்துவிட்டது. "தைலம் சார்."

"அதான் உன் வண்டியே சொட்டிண்டிருக்கே!" என்று தோத்தாத்ரி குடையை நீட்டிக் காட்டினார். "தெய்வமே பரிகாரம் பண்ணிடுத்து, ஏறு!"

சத்யநாராயணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டிராக்டர்காரர் சிரித்தார். செங்கல் இறக்க வந்த பெண்கள்கூடச் சிரித்தார்கள். உமர் மட்டும் குடை முனை காட்டிய இடத்தைப் பார்த்தான். தாடைக்குப் போகிற வலது ஹோஸின் வளைவுக்கு நேர் கீழே, மண்ணில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கறுப்பாக ஈரம்.

கையுறையையும் கண்ணாடியையும் மாட்டி, அட்டையை எடுத்தான். வளைவுக்கு எதிரே ஒரு சாண் தள்ளிப் பிடித்து நகர்த்தினான். ஓரிடத்தில் அட்டையில் நூல் மாதிரி ஒரு ஈரக்கோடு விழுந்தது. மறுபடி நகர்த்தினான், மறுபடி விழுந்தது.

"இன்னிக்கு இத வெச்சிகினு எடுக்க முடியாது சார்" என்றான். "ஹோஸ் மாத்தணும்."

"விளையாடறியா?" சத்யநாராயணன் பாய்ந்து வந்தார். "முகூர்த்தம் போயிண்டிருக்கு! இதுவா லீக்கு? வேர்வை மாதிரி இருக்கு. வண்டி ஆஃப்லதானே இருக்கு? தொடைச்சுட்டு ஏறுப்பா, ஒண்ணும் ஆகாது!" சொல்லிக்கொண்டே ஆள்காட்டி விரலை ஹோஸ் மேல் நீட்டினார்.

உமர் அடித்தான். யோசிக்கவெல்லாம் இல்லை. பளாரென்று அந்த மணிக்கட்டில் ஒரு அடி. அட்டை எங்கோ பறந்தது. சத்யநாராயணன் இரண்டு அடி பின்னால் போய்ச் செங்கல் குவியலில் உட்கார்ந்துவிட்டார்.

"அடிச்சுட்டான்! அத்திம்பேர், என்னைக் கை நீட்டிட்டான், பார்த்தேளா!"

சைட் அப்படியே நின்றது. வேலைக்கு வந்தவன் வீட்டுக்காரர் மச்சினனை அடித்தால் என்ன நடக்கும் என்று உமருக்குத் தெரியாதா? இந்தப் பக்கத்தில் ஒரு சைட்டில் சொன்னால் சாயங்காலத்துக்குள் மறைமலைநகர் வரை தெரிந்துவிடும். ராகு, கேது ஒருவரும் காப்பாற்ற மாட்டார்கள். கண்ணாடியைக் கழற்றினான்.

"மன்னிச்சிருங்க சார். நீங்க சொன்ன வார்த்தை கீதே, அதே வார்த்தைய நான் சொன்னேன். ஆறு வருசம் முன்னாடி, இதே வண்டில. என் சிநேகிதன் கையில. தொடைச்சிட்டு ஏறுடா, ஒண்ணும் ஆவாதுன்னேன். வண்டி ஆஃப்லதான் இருந்துச்சு. உள்ள அழுத்தம் அப்படியே நிக்கும் சார், ஊசி போடற மாதிரி ஆயிலத் தோலுக்குள்ள ஏத்திரும். அவனுக்கு ரெண்டு விரல் போச்சு. நான் சொன்னதாலதான் போச்சு." இதற்கு முன் அவன் இதைக் குல்ஷனைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்ட பிறகு நிறுத்தவும் தெரியவில்லை. "எமகண்டமும் பொய், ராகு காலமும் பொய். வருசக்கணக்கா எல்லா சைட்லயும் பொய்தான். வண்டியப் பாக்கணும்னா யாரும் நிக்க மாட்றாங்க சார். ராகு காலம்னா நிக்கறாங்க."

தோத்தாத்ரியின் மீசைக்குள் என்னவோ அசைந்தது. "எல்லா சைட்லயுமா?"

"எல்லா சைட்லயும் சார்."

"அடப்பாவி! நானும் ஆபீஸ்லே முப்பது வருஷம் அதைத்தாம்பா பண்ணினேன்" என்றார். "ராகு காலத்துலே கையெழுத்துப் போட மாட்டேன்னு ஃபைலைத் தள்ளி வச்சுட்டு, மத்யானம் அரை மணி தூங்குவேன். மேலதிகாரியே எழுப்ப மாட்டார்." சொல்லிவிட்டு அந்தக் கறுப்பு ஈரத்தை ஒரு தடவை பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "ஹோஸ் வர எவ்வளவு நாழி ஆகும்?"

"பெருங்களத்தூர்லேர்ந்து வரணும். முக்கா மணி நேரம் சார். மாட்டி, பாத்து, வேலைக்கு ஒரு மணி நேரம்."

"வேற வண்டி கூப்பிடலாம் அத்திம்பேர்!" என்றார் செங்கல் குவியலிலிருந்து மச்சினன்.

"சும்மா இருடா சத்யா. முகூர்த்தம் போனா தையிலே வரும். உன் விரல் போனா எந்த மாசத்துலே வரும்?" என்ற தோத்தாத்ரி, குடையை விரித்துக்கொண்டு நிழலில் போய் உட்கார்ந்தார்.

உமர் ஜெர்சனுக்குப் போன் போட்டான். "சீப்பு ஹோஸ். வலது பக்கம். கூடுவாஞ்சேரி சைட்டு. அவசரம்." அளவு சொல்ல வாயெடுப்பதற்குள், "தெரியும். வரேன்" என்று ஜெர்சன் போனை வைத்துவிட்டான்.

ஒன்பது அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஸ்கூட்டர் வந்தது. உமர் அப்போது வண்டிக்குள் இருந்தான். இன்ஜின் போடாமல் சாவியை மட்டும் திருப்பி, தாடை லீவரை இப்படியும் அப்படியும் பலமுறை ஆட்டி, ஹோஸில் சிறைப்பட்டிருந்த அழுத்தத்தை வெளியேற்றிக்கொண்டிருந்தான். கூண்டின் கம்பி வழியாகப் பார்த்தால் சத்யநாராயணன் ஸ்கூட்டரை மறித்துக்கொண்டு, மணிக்கட்டை நீட்டி நீட்டி ஏதோ முறையிடுகிறார்!

முறையிட்டது இதுதான். "நீங்கதானே ஹோஸ் கடை? உங்க ஆளு என்னை அடிச்சுட்டான் சார். அடிச்சுட்டு ஒரு கதை வேற. யாரோ சிநேகிதனாம், விரல் போச்சாம், இவன்தான் தொடைச்சுட்டு ஏறுன்னு சொன்னானாம். கண்ணுலே தண்ணி வேற. என்ன நடிப்பு! இவங்களை எல்லாம் நம்ப முடியுமா சொல்லுங்கோ?"

ஜெர்சன் ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டினான். அப்புறம் வண்டி ஓட்டப் போட்டிருந்த வலது கையுறையை விரல் விரலாக இழுத்துக் கழற்றினான். அதன் இரண்டு விரலில் பஞ்சு அடைத்திருந்தது. "அந்தச் சிநேகிதன் நான்தான் சார்" என்று கையை நீட்டினான். "அவன் இன்னா சொன்னான்? மறுபடியும் சொல்லுங்க."

சத்யநாராயணன் அந்தக் கையைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். ஐந்தும் இருக்கிறதா என்று எண்ணுகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, குரல் இறங்கிப்போய், ராகு காலப் பொய், அட்டை சமாசாரம் எல்லாம் சேர்த்து முழுவதையும் இன்னொரு தடவை சொன்னார், இந்தத் தடவை நடிப்பு என்ற வார்த்தை இல்லாமல்.

உமருக்குப் பேச்சு கேட்கவில்லை, ஆனால் கை நீட்டியது தெரிந்தது. விஷயம் ஜெர்சன் காதுக்குப் போய்விட்டது. இனி என்ன சொல்வானோ! இந்த ஹோஸ் கடைப் பேச்சும் போய்விடுமோ! ஜெர்சன் நேரே வந்து, பழைய ஹோஸைக் கழற்றி, புதியதை மாட்டி, ஸ்பேனரைத் திருகினான். "போடு" என்றான். உமர் இன்ஜின் போட்டான். தாடை மூடியது. "நிறுத்து" என்றான். நிறுத்தினான். இருவரும் அட்டையைப் பிடித்துப் பார்த்தார்கள். கோடு விழவில்லை. "சரியாக் கீது" என்றான் ஜெர்சன். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் போய்விட்டான்.

மணி ஒன்பதே கால். அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை போகாது என்பார்கள், உமர் அவசரப்படவில்லை. சீட்டில் உட்கார்ந்து, மடிக்குக் குறுக்கே விழுகிற காப்புக் கம்பியை இறக்கி, சீப்பைத் தரைக்கு ஒரு சாண் மேலே தாழ்வாகவே வைத்து, ஆமை மாதிரி நகர்ந்தான். கல் தட்டினால் நிறுத்தினான். எல்லைக் கல்லைச் சுற்றி ஒரு முழம் விட்டுவிட்டு, அங்கே கையால் வெட்டிக்கொள்ளச் சொன்னான். முள் குவியலைக் கவ்வித் தூக்கும்போது மட்டும் ஹாரன் அடித்தான். இருபது அடிக்கு வெளியே கயிறு கட்டியிருந்தது. அந்தக் கயிற்றுக்குக் காவல் யார் என்கிறீர்கள்? சாட்சாத் சத்யநாராயணன்! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு ஈ காக்கை உள்ளே போக விடவில்லை. பூஜை சாமானோடு வந்த வாத்தியார் நாழியாகிறதே என்று கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கினார். "எடுங்கோ காலை!" என்று சத்யநாராயணன் போட்ட அதட்டலில் அவர் தாம்பாளத்துத் தேங்காய் உருண்டு ஓடியது. "கை போச்சுன்னா எந்தக் கையாலே மந்திரம் சொல்வேள்?" என்று வேறு கேட்டார். வாயால்தான் மந்திரம் சொல்வது என்று வாத்தியார் விளக்கியதை அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

பத்து முப்பத்தைந்துக்கு உமர் இன்ஜினை நிறுத்தினான். ஈசான்ய மூலை துடைத்த மாதிரி இருந்தது. சரியாகப் பத்தே முக்காலுக்கு முதல் செங்கல் வைத்தார்கள். தோத்தாத்ரியின் மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷம் என்றால் சும்மாவா.

உமர் மட்டும் பூஜையைப் பார்க்கவில்லை. ரோட்டோரத்தில் ஸ்கூட்டர் இன்னும் நின்றது. ஹோஸ் மாட்டினவன் எப்போதோ கடைக்குப் போயிருக்க வேண்டும், அங்கே வேலை குவிந்து கிடக்கும். போகவில்லை. பெட்ரோல் டேங்க் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றுகொண்டிருந்தான். சத்யநாராயணன் இரண்டு தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து, ஆளுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு ஓடிப்போனார்.

உமர்தான் முதலில் பேசினான். "அந்த சார் சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டாரு. ரெண்டு வாட்டி."

"நான்தான்டா சொன்னேன். தொடைச்சிட்டு ஏறுன்னு. உனக்கு அது ஞாபகம் கீதா இல்லியான்னுகூட எனக்குத் தெரியல."

"ஞாபகம் கீதாவா?" ஜெர்சன் தொன்னையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆஸ்பத்திரில கெடக்கச்சொல்ல அதே வார்த்தைதான்டா காதுக்குள்ள ஓடிகினே இருந்துச்சு."

உமர் வாய்க்குக் கொண்டுபோன பொங்கலைத் திரும்பத் தொன்னையிலேயே வைத்தான்.

"அதுக்குக் கோவம் இல்ல மச்சான்" என்றான் ஜெர்சன். "உன் எடத்துல நான் ஒக்காந்திருந்தா நானும் அத்தான் சொல்லிருப்பேன். அன்னிக்கு நமக்கு இன்னா தெரியும், ரெண்டும் ரெண்டு முண்டம். ஆனா அப்புறம் நீ ஒரு வார்த்த பேசலியே. அரை இன்ச்சு, ரெண்டு கம்பி, அத்தானே பேசின? சரி, இவன் மறந்துட்டான், நமக்குப் போனது வெரலு, இவனுக்குப் போனது ஒரு நாள் வேலைன்னு நெனச்சிகினேன். அதான் உன் வூட்டுப் பக்கம் வர்ல. தெனம் காலையில நீ அட்டையப் புடிச்சிகினு நிக்கற கதையே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

உமர் அழுதான். நாற்பத்து மூன்று வயசு ஆள், பட்டப்பகலில், ரோட்டோரத்தில், தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதான். லாரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"டேய், அழுவாதடா, பேஜார் பண்ணாத. அந்த சார் பாத்துகினு கீறாரு. அவரு திருப்பி அடிச்சிட்டாருன்னு சைட்ல பேரு வந்துரும்" என்றான் ஜெர்சன். அவன் குரலும் ஒரு மாதிரிதான் இருந்தது.

உமர் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு குல்ஷனுக்குப் போன் போட்டான். "ஜெர்சன் வரான். சாப்பிட."

குல்ஷன் குரல் வந்தது, படபடவென்று. "இப்பவா? இன்னிக்கா? ஐயோ, வெறும் ரசம்தாங்க வெச்சிருக்கேன். ஆறு வருசம் கழிச்சு வர்றவருக்கு ரசமா ஊத்துவாங்க? ஒரு மணி நேரம் எங்கயாவது சுத்திட்டுக் கூட்டிட்டு வாங்க, நான் கறிக்கடைக்கு ஓடறேன்."

ஜெர்சன் போனைப் பிடுங்கிக்கொண்டான். "ரசம் போதும் அண்ணி" என்றான். "வந்துகினே கீறோம்."